வாசகர் கேள்வி – பதில்: கல்லில் வரைந்த குளிர்காலப் பறவைகள்

சென்ற மாத இதழின் நடுப்பக்கத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலேய ஓவியர் எலிசபெத் கூல்ட் வரைந்த குளிர்காலப் பாடும் பறவைகளின் கல்லச்சுப் படங்கள் (கல்லின் மீது வரைந்து தாளில் அச்சிட்டவை) சிலவற்றை வெளியிட்டிருந்தோம். 1832 முதல் 1837 வரை லண்டனில் பகுதி பகுதியாக வெளிவந்த 'ஐரோப்பியப் பறவைகள்' என்ற ஐந்து தொகுதி நூலில் இடம்பெற்றவை அவை. படத்தின் கீழே ஓவியரின் பெயரைத் தவிர வேறு விவரம் தரவில்லை. அது போதாது என்பதை வந்து குவிந்த கடிதங்கள் உணர்த்தின. ஒரே பொருளைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒருவருடைய கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு விடையளித்திருக்கிறோம்.

எலிசபெத் கூல்ட் என்பவர் யார்? உலகின் முதல் பெண் பறவை ஓவியர் இவர்தான் என்று என் தோழி சொல்கிறாள். அது சரியா?
– வாசகி, ஈரோடு

முதலாமவர் என்று சொல்வது சரியாகாது. இவருக்கு ஒரு தலைமுறைக்கு முன்பே சாரா ஸ்டோன் என்ற பெண்மணி, லண்டனில் புகழ்பெற்றிருந்த லீவர் அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைக்கப்பட்டிருந்த பறவைகளை வண்ணத்தில் வரைந்து பெயர் பெற்றிருந்தார். எலிசபெத்தை முன்னோடி என்று நாம் சொல்வதற்குக் காரணம் வேறு. கல்லச்சு என்ற புதிய தொழில்நுட்பம் பறவை நூல்களுக்குள் நுழைந்த அந்தத் தொடக்க ஆண்டுகளிலேயே அதைக் கற்றுத் தேர்ந்து, பன்னிரண்டே ஆண்டுகளில் அறுநூறுக்கும் மேற்பட்ட படங்களைக் கல்லில் வரைந்து முடித்தவர் அவர். அந்த அளவில் அந்தப் பணியைச் செய்த பெண் அவருக்கு முன் எவரும் இல்லை.

அவர் 1804ஆம் ஆண்டு ஜூலை 18 அன்று கென்ட் மாவட்டத்தின் கடற்கரை ஊரான ராம்ஸ்கேட்டில், எலிசபெத் காக்சன் என்ற பெயருடன் பிறந்தார். இளவயதில் லண்டனில் ஒரு குடும்பத்தின் பெண் குழந்தைக்கு வீட்டோடு தங்கிப் பாடம் சொல்லித்தரும் ஆசிரியையாக இருந்தார்; பிரெஞ்சு, இலத்தீன், இசை ஆகியவை அவர் கற்பித்த பாடங்கள். அந்த வீட்டில் தனிமை தம்மை வாட்டுவதாகத் தாயாருக்கு அவர் எழுதிய கடிதத்தைப் படிக்கும்போது, படித்த பெண்ணுக்கு அன்றைய சமூகம் திறந்துவைத்திருந்த வாசல் எவ்வளவு குறுகியது என்பது விளங்கும். 1829 ஜனவரியில் ஜான் கூல்டை மணந்தார். ஜான், லண்டன் விலங்கியல் சங்கத்தின் அருங்காட்சியகத்தில் பறவைகளையும் விலங்குகளையும் பாடம் செய்து பராமரிக்கும் பணியில் 1827 முதல் இருந்தவர். தொழிலில் கைதேர்ந்தவர், வணிகத்தில் கூர்மையானவர், ஆனால் தேர்ந்த ஓவியர் அல்லர்.

மறு ஆண்டே இமயமலைப் பறவைகளின் தோல்கள் அடங்கிய தொகுப்பு ஒன்று ஜானின் கைக்கு வந்து சேர்ந்தது. அதை நூலாக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தபோது, படங்களைக் கல்லில் வரையும் பொறுப்பு எலிசபெத்திடம் வந்தது. அவருக்குச் சித்திரப் பயிற்சி இருந்தது. கல்லில் வரைந்த அனுபவமோ கிடையாது. அதே காலத்தில் எட்வர்ட் லியர் என்ற பதினெட்டு வயது இளைஞர் கிளிகளைக் கல்லில் வரைந்து வெளியிடத் தொடங்கியிருந்தார். பிற்காலத்தில் வேடிக்கைப் பாடல்களுக்காக உலகம் அறிந்த அதே லியர்தான் இவர். கூல்ட் தம்பதியருடன் நெருங்கிப் பணியாற்றிய அவருடைய தாக்கம் எலிசபெத்தின் கோடுகளில் ஆண்டுக்கு ஆண்டு தெளிவாகவே தெரிகிறது.

என் தாத்தா லித்தோ அச்சகத்தில் வேலை பார்த்தவர். அதனால் ஆவலுடன் கேட்கிறேன்: இந்தப் படங்கள் எப்படி அச்சிடப்பட்டன? வண்ணங்களும் கல்லிலிருந்தே வந்தவையா? இதில் எலிசபெத்தின் கைவேலை எவ்வளவு, மற்றவர்களின் கைவேலை எவ்வளவு?
– வாசகர், சிவகாசி

வந்த கடிதங்களிலேயே மிக முக்கியமான கேள்வி இது என்று கருதுவதால் சற்று விரிவாக விடை சொல்ல விரும்புகிறேன்.

கல்லச்சு முறையை பவேரியாவைச் சேர்ந்த அலாய்ஸ் செனஃபெல்டர் 1790களின் இறுதியில் கண்டுபிடித்தார். தண்ணீரும் எண்ணெய்ப் பசையும் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை என்ற எளிய உண்மைதான் அதற்கு அடிப்படை. வழவழப்பாகத் தேய்த்து, மெல்லிய சொரசொரப்பு ஏற்றிய சுண்ணாம்புக் கல்லின் மீது எண்ணெய்ப் பசையுள்ள சுண்ணக்கோலால் ஓவியர் வரைகிறார். பிறகு கருவேலம்பிசினும் சிறிது அமிலமும் கலந்த கரைசலைப் பூசுகிறார்கள். கல்லை நனைத்து மையுருளையை உருட்டும்போது, ஈரமான வெற்றிடங்கள் மையைத் தள்ளிவிட, கோலின் தடம் பட்ட இடங்கள் மட்டும் மையை ஏற்றுக்கொள்கின்றன. அதன்மேல் தாளை வைத்து அழுத்தினால் படம் பதிந்துவிடும். இவையெல்லாம் தங்கள் தாத்தா அன்றாடம் பார்த்த காட்சிகளாகவே இருந்திருக்கும்.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதற்கு முன்பு வழக்கில் இருந்த செப்புத் தகடு முறையில், ஓவியர் தாளில் வரைந்ததைச் செதுக்குவோர் ஒருவர் பார்த்துத் தகட்டில் வெட்டுவார். ஆடுபான் என்ற ஓவியரின் புகழ்பெற்ற 'அமெரிக்கப் பறவைகள்' நூலின் படங்கள்கூட அவ்வாறு பெரும்பாலும் லண்டனில் ராபர்ட் ஹேவல் செதுக்கித் தந்த தகடுகளிலிருந்தே அச்சாயின. கல்லச்சிலோ, கல்லில் வரைந்தவருடைய கோல் எங்கே அழுந்தியதோ அங்கே கருமை, எங்கே தயங்கியதோ அங்கே மென்மை. இடையில் வேறொரு கை இல்லை. ஒரு ராபினின் மார்புத் தூவி சிறு சிறு கீற்றுகளாகப் பிரிந்து நிற்பதை நாம் அப்படங்களில் காண்கிறோம் என்றால், எலிசபெத்தின் மணிக்கட்டு அசைந்த விதத்தை ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்தும் அப்படியே காண்கிறோம் என்று பொருள். நகல்களை எவ்வளவோ பார்த்துப் பழகிய இக்காலத்தில் இதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

வண்ணம் கல்லிலிருந்து வந்ததன்று. நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்த ரவி வர்மா அச்சகத்தின் தெய்வப் படங்களில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல் இருந்தது. அந்த அச்சகம் தோன்றியது 1894இல். எலிசபெத்தின் காலத்தில் கல் தந்தது கறுப்புக் கோடுகளையும் நிழல்களையும் மட்டுமே. லண்டனில் சார்லஸ் ஹல்மண்டலின் அச்சகத்தில் தாள்கள் அச்சாகி வந்த பின், மாதிரிப் படம் ஒன்றைப் பார்த்து ஒவ்வொரு தாளுக்கும் நீர்வண்ணத்தைத் தூரிகையால் தீட்டினார்கள் வண்ணமிடும் பணியாளர்கள். அவர்களை நடத்தியவர் கேப்ரியல் பேஃபீல்டு. 'ஐரோப்பியப் பறவைகள்' நூலில் மட்டும் 448 படங்கள். பிரதிக்கு 448 என்று, வெறும் இருநூறு பிரதிகளுக்குக் கணக்கிட்டாலே, கையால் வண்ணமிட வேண்டிய தாள்கள் 90 ஆயிரத்தை நெருங்குகின்றன. அந்தப் பணியாளர்களுள் பெரும்பாலோரின் பெயர் எங்கும் அச்சேறவில்லை என்பதையும் இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும்.

ஆகவே தங்கள் கேள்விக்கு விடை இதுதான்: பறவையைத் தேடிப் பெற்றதும், பெரும்பாலும் அதன் நிலையை விரைவுக் கோடுகளில் குறித்துத் தந்ததும் ஜான், அதை உயிருள்ள பறவையாகக் கல்லில் வரைந்தது எலிசபெத், அச்சிட்டது ஹல்மண்டல், வண்ணமிட்டது பேஃபீல்டின் குழு. அந்நூலின் 448 படங்களில் 68ஐ லியர் வரைந்தார், எஞ்சிய 380 எலிசபெத்தினுடையவை. ஆந்தை, கழுகு, வாத்து, நாரை போன்ற பெரிய பறவைகளில் லியரின் கை அதிகம். சின்னஞ்சிறு பாடும் பறவைகள் பெரும்பாலும் எலிசபெத்தின் பங்காக அமைந்தன.

குளிர்காலத்தில் பறவைகள் பாடுமா? பனி கொட்டும் நாடுகளில் அவை தெற்கே பறந்துவிடும் என்றுதானே படித்திருக்கிறோம்? 'குளிர்காலப் பாடும் பறவை' என்பதே முரணாக இருக்கிறதே.
– வாசகர், உதகமண்டலம்

நியாயமான ஐயம். 'பாடும் பறவை' என்பது பறவையியலில் ஒரு வகைப் பெயர். மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் அமைந்த குரலுறுப்பு சிக்கலான தசைகளுடன் வளர்ந்திருக்கும் பறவைகளின் பெருங்கூட்டம் அது. காகமும் அதில் அடங்கும் என்றால் தங்களுக்கு வியப்பாக இருக்கலாம். ஆகவே அவ்வகைப் பறவை எல்லாப் பருவத்திலும் பாடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதில்லை.

இங்கிலாந்திலிருந்து குளிர்காலத்தில் தெற்கே போகும் பறவைகள் உண்டு. அதே வேளையில் இன்னும் வடக்கே, ஸ்காண்டிநேவியாவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் இங்கிலாந்துக்குக் குளிர்கால விருந்தாளிகளாக வந்து சேரும் பறவைகளும் உண்டு. வடதுருவப் பகுதியினருக்கு இங்கிலாந்தே தெற்கு அல்லவா? ஃபீல்டுஃபேர், ரெட்விங் என்ற இரு பூங்குருவி இனங்கள் அக்டோபரில் கூட்டம் கூட்டமாக வந்து வேலிச்செடிகளின் செங்கனிகளைத் தின்னும். பிராம்பிளிங் என்ற குருவி பீச் மரக் கொட்டைகள் உதிர்ந்து கிடக்கும் காடுகளை நாடும். ஸ்னோ பன்ட்டிங், பனித்துகள் பறப்பதைப் போலக் கடற்கரை மணலில் வெள்ளைச் சிறகடித்துத் திரியும்.

இவற்றுள் என் மனத்தை மிகவும் கவர்ந்தது வேக்ஸ்விங். மெழுகுச்சிறகு என்று தமிழில் சொல்லலாம். இறகு நுனிகளில் முத்திரை அரக்கை ஒரு துளி வைத்ததுபோலச் சிவப்பாக ஒளிரும் பகுதி இருப்பதால் அந்தப் பெயர். தலையில் கொண்டை, கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, வால் நுனியில் மஞ்சள் விளிம்பு. தன் சொந்தக் காடுகளில் ரோவன் மரக் கனிகள் பொய்த்துப்போகும் ஆண்டுகளில் மட்டும் இது பெருந்திரளாகத் தெற்கும் மேற்கும் நோக்கி வரும். மற்ற ஆண்டுகளில் கண்ணில் படுவதே அரிது. எப்போது வரும் என்று சொல்ல முடியாத இந்த வரவு பழைய ஐரோப்பிய மக்களை அச்சுறுத்தியது. கொள்ளைநோய்க்கு முன்னறிவிப்பு என்றே கருதினார்கள். டச்சு மொழியில் இன்றும் இதன் பெயர் 'கொள்ளைநோய்ப் பறவை' என்பதுதான். இவ்வளவு எழிலான பறவைக்கு அப்படி ஒரு பெயர் அமைந்தது வருத்தத்துக்கு உரியது.

குளிர்காலத்தில் உண்மையாகவே பாடும் பறவையும் உண்டு. ராபின் ஆண்டின் பெரும்பகுதியும் பாடுகிறது. குளிர்காலத்தில் ஆணும் பெண்ணும் தனித்தனியே இரைக்கான எல்லையை வகுத்துக்கொண்டு அதைக் காப்பதற்காகப் பாடுகின்றன. பெண் பறவை பாடாது என்று பொதுவாக நாம் கொண்டிருக்கும் எண்ணத்துக்கு இது நேர்மாறு. மிசில் திரஷ் என்ற பெரிய பூங்குருவி, நடுக்குளிர்காலத்தில் காற்றும் மழையும் வீசும்போதே உயர்ந்த மர உச்சியிலிருந்து பாடத் தொடங்குவதால், நாட்டுப்புற மக்கள் அதைப் 'புயல் சேவல்' என்றே அழைத்தார்கள். வேக்ஸ்விங்கோ, வகையால் பாடும் பறவையே தவிர, மெல்லிய மணியோசை போன்ற நடுங்கும் ஒலிக்கு மேல் பெரிதாக எதுவும் பாடுவதில்லை.

எலிசபெத்தின் உழைப்பைக் கணவர் தம் பெயருக்கு எடுத்துக்கொண்டார் என்று சொல்லலாமா? 'கூல்டின் பறவைகள்' என்றால் எல்லோரும் ஜானைத்தானே நினைக்கிறார்கள்?
– வாசகி, மதுரை

இக்கேள்விக்கு ஒரே சொல்லில் விடை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆவணங்கள் சொல்வதை முதலில் பார்ப்போம்.

முதல் நூலான இமயப் பறவைகளின் படங்களில், அடியில் 'இயற்கையைப் பார்த்து வரைந்ததும் கல்லில் வரைந்ததும் இ. கூல்ட்' என்ற பொருள்படும் ஆங்கில வரி இருக்கிறது. அங்கே எலிசபெத்தின் முதலெழுத்து மட்டுமே உள்ளது. அடுத்து வந்த 'ஐரோப்பியப் பறவைகள்' நூலில் அதே வரி 'ஜே. அண்ட் இ. கூல்ட்' என்று மாறுகிறது; கணவரின் எழுத்து முன்னால் வந்து நிற்கிறது. நூலின் முகப்புப் பக்கத்திலோ முதல் நூல் தொடங்கி எப்போதும் ஜான் கூல்ட் என்ற பெயர் ஒன்றுதான்.

ஜான் இல்லையென்றால் இந்த நூல்கள் இல்லை என்பதும் உண்மை. சந்தா சேர்த்தது, பறவைகளைத் தருவித்தது, முதல் நூலைத் தவிர மற்றவற்றுக்கு விவரங்களை எழுதியது, அச்சகத்தையும் வண்ணமிடுவோரையும் ஒருங்கிணைத்தது எல்லாம் அவர்தான். பலருடைய உழைப்பில் வெளிவரும் நூலுக்குத் தலைமை தாங்குபவரின் பெயர் முகப்பில் வருவது அக்கால வழக்கம். ஆயினும், விலை கொடுத்து அந்த நூலை வாங்கியவர்கள் வாங்கியது படங்களுக்காகத்தான். அந்தப் படங்களின் முதன்மையான கைக்குரியவர் முகப்பில் இல்லாதது நேர்மையான கணக்கு ஆகாது என்பதே என் கருத்து.

இதில் சார்லஸ் டார்வின் நடந்துகொண்ட விதத்தை நன்றியோடு குறிப்பிட வேண்டும். பீகிள் கப்பற்பயணத்தில் தாம் திரட்டிய பறவைகளைப் பற்றிய நூற்பகுதி 1838 முதல் 1841 வரை வெளிவந்தது. கலாபகோஸ் தீவுகளின் குருவிகள் உள்ளிட்ட அதன் ஐம்பது படங்களும் ஜானின் குறிப்புச் சித்திரங்களிலிருந்து திருமதி கூல்டினால் கல்லில் வரையப்பட்டவை என்றும், அவருடைய எல்லாப் பணிகளையும் போலவே இதுவும் போற்றத்தக்க வெற்றி பெற்றது என்றும் டார்வின் முன்குறிப்பில் வெளிப்படையாக எழுதினார். பரிணாமக் கொள்கையின் வரலாற்றில் இத்தனை முக்கியத்துவம் பெற்ற அந்தக் குருவிகளை முதன்முதலாக அறிவுலகத்தின் கண்முன் கொண்டுவந்த கோடுகள் ஒரு பெண்ணுடையவை. பள்ளிப் பாடங்களில் டார்வினின் குருவிகளைப் படிக்கும் நம் பிள்ளைகள் இந்தப் பெயரையும் அறிந்திருக்க வேண்டும்.

1838 மே மாதம் தம்பதியர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்கள். மூத்த மகனை உடன் அழைத்துச் சென்று, மற்ற மூன்று சிறு குழந்தைகளைத் தாயாரிடம் விட்டுச் சென்றார் எலிசபெத். ஹோபார்ட்டில், ஆளுநரின் மனைவி ஜேன் ஃபிராங்க்ளினின் விருந்தினராகத் தங்கி வரைந்தார். 1839இல் அங்கேயே ஒரு மகனும் பிறந்தான். பிறகு நியூ சவுத் வேல்ஸில் குடியேறியிருந்த தம் சகோதரர்களின் பண்ணைக்குச் சென்றார். அதுவரை காய்ந்த தோல்களையே பெரும்பாலும் பார்த்து வரைந்தவருக்கு, அப்போதுதான் புதிதாகக் கிடைத்த பறவைகளையும் அவை அமரும் செடிகொடிகளையும் நேரில் கண்டு வரையும் வாய்ப்பு வாய்த்தது. விட்டுவந்த குழந்தைகளைப் பற்றிய ஏக்கம் அவர் தாயாருக்கு எழுதிய கடிதங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. 1840 ஆகஸ்டில் இங்கிலாந்து திரும்பினார். மறு ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று, எட்டாவது குழந்தையைப் பெற்ற சில நாள்களில், பிரசவக் காய்ச்சலால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 37.

திருமணமான பன்னிரண்டரை ஆண்டுகளில் எட்டுப் பிரசவங்கள். அதற்கு இடையில் அறுநூறுக்கும் மேற்பட்ட படங்கள். இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஏற்படும் வியப்பும் வேதனையும் சொல்லில் அடங்குவதில்லை. 'ஆஸ்திரேலியப் பறவைகள்' நூலுக்கு அவர் 84 படங்களை முடித்திருந்தார். எஞ்சியவற்றை ஹென்றி ரிக்டர் என்ற இளம் ஓவியர் தொடர்ந்தார். 1844இல் பல வண்ணங்கள் கொண்ட ஒரு சிறு ஆஸ்திரேலியப் பறவைக்கு, மறைந்த மனைவியின் நினைவாக ஜான் கூல்ட் பெயரிட்டார். இன்று கூல்டியன் ஃபிஞ்ச் என்று உலகெங்கும் கூண்டுப் பறவை வளர்ப்போர் அறிந்தது அதுதான். நம் வயல்வெளிச் சில்லைகளின் குடும்பத்தைச் சேர்ந்தது அது.

எலிசபெத் இந்தியாவுக்கு வந்திருக்கிறாரா? அவருடைய பறவைகளில் நம் பக்கத்தில் காணக்கூடியது எதுவும் உண்டா?
– வாசகர், வால்பாறை

வந்ததில்லை. 1830 முதல் 1833 வரை வெளிவந்த இமயப் பறவை நூலின் 80 படங்களையும் லண்டனில் இருந்தபடி, பஞ்சடைத்த தோல்களைப் பார்த்தே வரைந்தார். தோலில் கண் இருக்காது. அலகும் காலும் காய்ந்து நிறம் வெளுத்திருக்கும். பறவை எப்படி அமரும், கழுத்தை எப்படித் திருப்பும் என்பதை அது சொல்லாது. அந்த முதல் நூலின் பறவைகள் சில விறைப்பாக நிற்பதற்குக் காரணம் இதுதான். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே கல்கத்தாவில் ஷேக் ஜைனுத்தீன் போன்ற இந்திய ஓவியர்கள், மேரி இம்பி என்ற ஆங்கிலேயப் பெண்மணியின் தோட்டத்தில் வளர்ந்த பறவைகளை உயிரோடு கண்டு வரைந்திருந்தார்கள். அந்த வாய்ப்பு எலிசபெத்துக்கு அப்போது கிடைக்கவில்லை. பின்னர் வந்த ஐரோப்பியக் குளிர்காலப் பறவைகளைப் பாருங்கள்: விரல்கள் கிளையைப் பற்றியிருக்கும் அழுத்தமும், உடல் எடை ஒரு பக்கம் சாய்வதும் தெரியும். மூன்று நான்கு ஆண்டுகளில் ஓர் ஓவியர் இவ்வளவு வளர முடியும் என்பதற்கு இவ்விரு நூல்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே சான்று.

இமய நூலுக்கு விளக்கம் எழுதியவர் விலங்கியலறிஞர் நிக்கோலஸ் விகர்ஸ். அவர்தான் நீல நெற்றியும் செம்முதுகும் மஞ்சள் வயிறும் கொண்ட ஓர் அழகிய தேன்சிட்டுக்கு 1831இல் எலிசபெத்தின் பெயரைச் சூட்டினார். இமயத்திலும் அதற்குக் கிழக்கேயும் வாழும் அந்தத் தேன்சிட்டை நம் மலைகளில் காண முடியாது. ஆனால் அதே விகர்ஸ் அதே ஆண்டுகளில் இமயத் தொகுப்பிலிருந்து அறிவுலகுக்கு விவரித்த நீலத்தலைப் பூங்குருவி, கோடையை இமயச் சரிவுகளில் கழித்துவிட்டுக் குளிர்காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வருகிறது. தாங்கள் இருக்கும் ஊரின் காட்டோரங்களில், மார்கழி தை மாதங்களில் பொறுமையாகக் காத்திருந்தால், நீலத் தலையும் செம்பழுப்பு வயிறும் சிறகில் வெள்ளைத் திட்டும் கொண்ட அந்த ஆண் பறவையைக் காணலாம்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் ஒருவர் சட்டமிட்ட பழைய பறவைப் படம் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். கூல்ட் என்று கீழே அச்சாகியிருக்கிறது. அது எலிசபெத் வரைந்த அசல்தானா என்று எப்படி அறிவது? அசலானால் எப்படிப் பாதுகாப்பது?
– வாசகி, சென்னை

முதலில் படத்தின் அடியில் உள்ள சிறிய எழுத்துகளைப் படியுங்கள். 'ஜே. அண்ட் இ. கூல்ட்' என்றோ, 'இ. கூல்ட்' என்று மட்டுமோ இருந்து, ஹல்மண்டல் அச்சிட்டதாகவும் குறிப்பு இருந்தால் அது எலிசபெத்தின் படம். 'இ. லியர்' என்றிருந்தால் எட்வர்ட் லியருடையது; 'இ' என்ற எழுத்தை மட்டும் பார்த்து ஏமாறுவோர் உண்டு. ரிக்டர், வுல்ஃப், ஹார்ட் ஆகிய பெயர்களில் ஒன்று இருந்தால் எலிசபெத் இறந்த பிறகு வரையப்பட்டது. கூடும் குஞ்சுகளும் நிறைந்த இங்கிலாந்துப் பறவைப் படங்கள் பல, 1862 முதல் 1873 வரை வெளிவந்த பிற்கால நூலைச் சேர்ந்தவை. அவையும் மதிப்புள்ளவையே, ஆனால் எலிசபெத்தின் கை அவற்றில் இல்லை.

அடுத்து, பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நகைக்கடைக்காரர் பயன்படுத்துவதே போதும். ஒழுங்கான வரிசையில் வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் அது ஆஃப்செட்டில் அச்சான பிற்கால நகல். அசலில் கறுப்புக் கோடுகள் சுண்ணக்கோல் தேய்ந்த சொரசொரப்புடன் இருக்கும். வண்ணம் அங்கங்கே தேங்கியும், கோட்டைச் சிறிது தாண்டியும் இருக்கும். தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் கண்ணிலும் பளபளக்கும் இறகுகளிலும் பிசின் பூச்சின் மினுக்கு தெரியக்கூடும். முழுத்தாள் ஏறத்தாழ 55 சென்டிமீட்டர் உயரமும் 37 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. ஓரம் வெட்டப்பட்டிருந்தால் குறையும். படத்தைச் சுற்றித் தகட்டின் அழுத்தத் தடம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். அது செப்புத் தகட்டு அச்சுக்கு உரிய அடையாளம், கல்லச்சில் இருக்காது.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, நம் ஊரில் வெயிலைவிட ஈரப்பதமே பெரிய பகை. வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், மழைக்காலத்தில் அந்தச் சுவர் குளிர்ந்து ஈரம் கோத்து, சட்டத்துக்குள் பூஞ்சை பிடிக்கும். நேர்வெயில் படும் இடத்தில் நீர்வண்ணம் சில ஆண்டுகளிலேயே வெளுத்துப்போகும். பழைய சட்டத்தின் பின்னட்டை பழுப்பேறியிருந்தால் அதிலுள்ள அமிலம் தாளைத் தின்கிறது என்று பொருள். அமிலமற்ற அட்டைக்கு மாற்றச் சொல்லுங்கள். கண்ணாடி படத்தின் மேல் நேரடியாகப் படாதபடி இடைவெளி இருக்க வேண்டும். செல்லோ டேப், பசை, லேமினேஷன் ஆகிய மூன்றையும் எக்காரணம் கொண்டும் அனுமதிக்காதீர்கள். ஒருமுறை செய்துவிட்டால் திரும்ப எடுக்க இயலாது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் சட்டத்தை இறக்கி, பின்புறத்தில் இராமபாணப் பூச்சியின் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். பழுப்புப் புள்ளிகள் தென்பட்டால் தாங்களே துடைக்க முயலாமல், காகிதப் பாதுகாப்பில் பயிற்சி பெற்ற ஒருவரிடம் காட்டுவது நல்லது.

தாங்கள் வைத்திருப்பது எந்தத் தொகுதியின் எந்தப் படம் என்று ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால், கூல்ட் நூல்களின் பக்கங்கள் பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி என்ற இணைய நூலகத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் அவற்றைத் தரவிறக்கிக்கொள்ளவும் தடையில்லை. கூல்ட் பட்டறையில் தாளில் வரைந்த மூலச் சித்திரங்களின் பெருந்தொகுப்பு அமெரிக்காவில் கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்பென்சர் நூலகத்தில் உள்ளது. ஒப்பிடும்போது பறவையின் நிறத்தைவிடக் கிளையின் முடிச்சுகள், இலை நரம்புகள், நகங்கள் ஆகியவற்றையே பாருங்கள். நிறம் பிரதிக்குப் பிரதி சிறிது வேறுபடும். கல்லில் வரைந்த கோடு வேறுபடாது.